கொள்ளு காயும் பாதை

அன்புள்ள அக்கா,

காட்பாடியிலிருந்து எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு கியர் சைக்கிளில் ஜவ்வாது மலைப்பக்கம் போகிறேன். ஆலங்காயத்திலிருந்து காவலூர் ஏறும் பாதையில் என்னால் முழுதும் மிதிக்க முடியவில்லை. நண்பர்கள் எதிரிலேயே இறங்கித் தள்ள வேண்டியதாகிவிட்டது. வெட்கமாக இருந்தது. பின்சக்கரத்தில் எத்தனை பல் போட்டால் சரியாக இருக்கும்? இன்னொன்று. போன வாரம் திரும்பி இறங்கும்போது ரோடு முழுக்கக் கொள்ளுச்செடியைப் பரப்பி வைத்திருந்தார்கள். சறுக்கி விழுந்து முழங்கை சிராய்ந்துவிட்டது. அங்கிருந்த பாட்டியிடம் சத்தம் போட்டேன். அவர் பதிலே பேசவில்லை. நாம் வரி கட்டிப் போட்ட ரோடு இவர்களுக்குக் களத்துமேடா? இதற்கெல்லாம் சட்டம் இல்லையா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

முழங்கை ஆறிவிட்டதா? ரோட்டில் தேய்ந்த காயத்தைச் சும்மா விடாதீர்கள். மண் போகக் கழுவி, டி.டி. ஊசி போட்டு நாளாகியிருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்.

பல் கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். முன்னால் சின்னப் பல்சக்கரம் 34 பல் என்றால், பின்னால் பெரிய பல்சக்கரம் 32 அல்லது 34 பல் உள்ள கேசட் (பல்சக்கர அடுக்கு) போடுங்கள். சங்கிலியைப் பல்சக்கரம் மாற்றிப் போடும் பின்பக்க டீரெய்லர் அதைத் தாங்குமா என்று கடையில் கேட்டுக்கொண்டு போடுங்கள். இறங்கித் தள்ளியதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. டூர் டி பிரான்ஸ் பந்தயத்திலேயே 1937 வரை டீரெய்லர் கியருக்கு அனுமதி கிடையாது. மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றி, மறுபக்கம் திருப்பி மாட்டிக்கொண்டுதான் ஏறினார்கள். இதற்கு மேல் இதைப் பேச வேண்டாம்.

என்னை எழுத வைத்தது அந்தப் பாட்டி.

அவரிடம் நீங்கள் சத்தம் போட்டிருக்கக் கூடாது. வலியில் வந்த கோபம் என்பது புரிகிறது. ஆனாலும் கூடாது. எங்கள் ஆயாவுக்கு ஒடுகத்தூர் பக்கம் அரை ஏக்கர் மானாவாரி நிலம். கார்த்திகை, மார்கழி தாண்டினால் கொள்ளு பிடுங்குவார்கள். முன்பெல்லாம் களத்தில் செடியைப் பரப்பி மாடு கட்டித் தாம்பு ஓட்டினால் காய் வெடித்து மணி உதிரும். அந்தக் களம் நாலைந்து வீட்டுக்குப் பொது. முறை வருவதற்குள் ஒரு மழை தூறினால் எல்லாம் பாழ். அப்புறம் மாடும் விற்றுப் போயிற்று. கதிரடிக்கும் இயந்திரத்தை அரை ஏக்கருக்கு யார் கொண்டுவருவார்கள்? வாடகை கொடுத்தால் கொள்ளு மிஞ்சாது. ஊர் வழியாகத் தார் ரோடு வந்தபோது, அதில் பஸ்ஸும் லாரியும் ஓடியபோது, மாட்டுக்கால் செய்த வேலையைச் சக்கரம் செய்யும் என்று கண்டுகொண்டார்கள். கையில் வேறு எதுவும் இல்லாதவர்களின் கண்டுபிடிப்பு அது.

பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் எனக்கு ஆடு ஓட்டும் வேலை. ஆடு வந்து வாய் வைக்காமல் ரோட்டோரம் குச்சியோடு உட்கார்ந்திருக்க வேண்டும். ஒவ்வொரு வண்டியும் போனபின் ஆயா ஓடிப்போய்ச் செடியைப் புரட்டிப் போடுவார். அடுத்த வண்டி வருவதற்குள் திரும்பி வந்துவிட வேண்டும். வெயில் சாயும்போது கூட்டி அள்ளி, காற்று பார்த்து முறத்தில் தூற்றுவார். பொட்டு மாட்டுக்காரர்களுக்குப் போகும். மணியோடு கலந்து வந்த ரோட்டுக்கல்லை ராத்திரி விளக்கடியில் உட்கார்ந்து நாங்கள் பொறுக்குவோம். நீங்கள் கடையில் வாங்கி ரசம் வைக்கிற கொள்ளுக்குப் பின்னால் இத்தனை கை இருக்கிறது.

அந்த வழியாக ஒரு பால்காரர் வருவார். இரண்டு பக்கமும் கேன் கட்டிய சைக்கிள். இறக்கம்தான், மிதிக்காமலே போய்விடலாம். ஆனால் கொள்ளு கிடக்கிற இடத்துக்கு முன்னாலேயே இறங்கி, ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், தாண்டியபின் ஏறிக்கொள்வார். ஏற்றத்தில் தள்ளினால் மானம் போய்விட்டதாக எழுதுகிறீர்களே தம்பி, அவர் இறக்கத்தில் தள்ளினார்.

சட்டம் இருக்கிறது. ரோட்டை மறிப்பது குற்றம்தான். அந்த இடத்தில் விழுகிறவர்களும் இருக்கிறார்கள், மறுக்க மாட்டேன். உதிர்ந்த கொள்ளு ரோட்டில் பால்ரஸ் குண்டு மாதிரி உருளும். அதன்மேல் பிரேக் பிடித்தாலும் போச்சு, ஹேண்டிலைத் திருப்பினாலும் போச்சு. பைக்கில் குழந்தையை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு ராத்திரியில் வருகிறவர்களை நினைத்தால் எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. அதனால்தான் கேட்கிறேன், அந்தப் பாட்டியைத் திட்டியதால் அடுத்த வருஷம் கொள்ளு எங்கே காயும்? அதே ரோட்டில்தான். அந்த ஊருக்கு ஓர் உலர்களம் வேண்டும். சிமென்ட் தளம், அவ்வளவுதான். அதற்கு ஊராட்சி இருக்கிறது, கிராம சபை இருக்கிறது, திங்கட்கிழமைதோறும் கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர் கூட்டம் நடக்கிறது. எனக்கு இவ்வளவு கோர்வையாகக் கடிதம் எழுதத் தெரிந்த நீங்கள் அங்கே ஒரு மனு எழுதிக் கொடுங்கள். அதற்கு முன் அந்த ஊருக்குப் போய், களம் எங்கே இருந்தது, என்ன ஆயிற்று என்று அந்தப் பாட்டியிடமே கேளுங்கள். இந்த முறை பேசுவார்.

இனி உங்கள் வேகம். எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினீர்கள் என்று கடிதத்தில் இல்லை. 50 என்று வையுங்கள். ஒரு விநாடிக்கு 14 மீட்டர். கண் பார்த்து, கை பிரேக்கைப் பிடிப்பதற்குள்ளேயே அந்த 14 போய்விடும். 8 சதவீத இறக்கத்தில், காய்ந்த தாரில், நல்ல பிரேக்கே என்றாலும் நிற்க இன்னும் 23 மீட்டராவது வேண்டும். ஆக 37. அதுவே 25இல் வந்தால் 13 மீட்டருக்குள் நின்றுவிடலாம். மலை வளைவில் உங்களுக்கு எவ்வளவு தூரம் தெரிகிறதோ அதற்குள் நிற்க முடிகிற வேகம்தான் உங்கள் வேகம். திருப்பத்துக்கு முன்னாலேயே குறையுங்கள், திருப்பத்துக்குள் போய்ப் பிரேக்கை அழுத்தாதீர்கள். சக்கர வளையத்தைக் கவ்விப் பிடிக்கும் ரிம் பிரேக் என்றால் இறக்கம் முழுக்கப் பிடித்துக்கொண்டே வரவும் கூடாது, ரிம் சூடேறி டியூப் வெடிக்கும். பிடித்து, விட்டு, பிடித்து வர வேண்டும். இதை உங்கள் நண்பர்களுக்கும் படித்துக் காட்டுங்கள். ஏறுவதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், எலும்பு முறிவதெல்லாம் இறங்கும்போதுதான்.

தை மாசி முழுக்க அந்தப் பக்கம் போவதாக இருந்தால் விடியுமுன் ஏறிவிடுங்கள். பனி காயாமல் கொள்ளைப் பரப்ப மாட்டார்கள், செடி மொறமொறவென்று ஆனால்தான் காய் வெடிக்கும். ஒன்பது மணிக்குள் ஆலங்காயம் வந்து சேர்ந்துவிட்டால் ரோடு உங்களுக்கு, அதற்குப் பிறகு அவர்களுக்கு.

அன்புடன்,
அக்கா