முதலிடம் ஒருவருக்கு, ஆட்சி இன்னொருவருக்கு: ஸ்பெயின் 2023 தேர்தல் கேள்வி பதில்

2023 ஜூலை 23 அன்று நடந்த ஸ்பெயின் பொதுத் தேர்தல் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

கொங்குநாட்டான்: யாருக்கு எத்தனை இடம்?

மொத்தம் 350. வலதுசாரி மக்கள் கட்சி 137, அப்போது ஆட்சியில் இருந்த சோசலிஸ்ட் கட்சி 121, தீவிர வலதுசாரி வோக்ஸ் 33, இடதுசாரிக் கூட்டணியான சூமார் 31. கத்தலோனியாவின் பிரிவினைவாதக் கட்சிகளான இஆர்சி, ஜுன்ட்ஸ் தலா 7. பாஸ்க் பகுதியில் பில்டு 6, பாஸ்க் தேசியக் கட்சி 5. இன்னும் மூன்று கட்சிகளுக்குத் தலா ஒன்று. தேர்தல் இரவில் முதல் இரு கட்சிகளுக்கும் 136, 122 என்றுதான் இருந்தது. வெளிநாடு வாழ் ஸ்பானியர்களின் வாக்கை எண்ணியபோது மாட்ரிட்டில் ஓர் இடம் கைமாறியது. பழைய செய்தியைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வராதீர்கள்.

வெயிலான்: கொளுத்தும் ஜூலையில் யாராவது தேர்தல் வைப்பார்களா?

மே 28 உள்ளாட்சி, மாநிலத் தேர்தல்களில் சோசலிஸ்டுகள் நன்றாக அடி வாங்கினார்கள். மறுநாள் காலையே அவர்களின் தலைவரும் பிரதமருமான சான்செஸ் தேர்தலை அறிவித்துவிட்டார். மக்கள் விடுமுறைக்குப் போயிருந்ததால் தபால் வாக்கு ஏறத்தாழ 25 லட்சத்தைத் தொட்டது.

கணக்குப்பிள்ளை: வோக்ஸுக்கு 12.4 சதவீத வாக்கு. விகிதாசாரம் என்றால் 43 இடம் வரவேண்டாமா?

நல்ல கேள்வி. நாடு முழுவதையும் ஒரே தொகுதியாக எண்ணினால் வரும். ஆனால் அங்கே மாகாணம்தான் தொகுதி. மாட்ரிட்டுக்கு 37 இடம், சோரியாவுக்கு வெறும் 2.

மூன்று இடமுள்ள ஒரு மாகாணத்தைக் கற்பனை செய்யுங்கள். அ கட்சிக்கு 48,000, ஆ கட்சிக்கு 32,000, இ கட்சிக்கு 20,000 வாக்கு. முதல் இடம் அ. ஓர் இடம் வென்ற கட்சியின் வாக்கை அடுத்த சுற்றில் இரண்டால் வகுப்பார்கள், ஆகவே அ இப்போது 24,000. அதைவிட 32,000 பெரிது, ஆகவே இரண்டாவது இடம் ஆ. மூன்றாவதுக்கு 24,000, 20,000, ஆவின் பாதியான 16,000 மூன்றும் மோதும். அ கட்சியே எடுத்துக்கொள்ளும். ஐந்தில் ஒருவர் வாக்களித்தும் இ கட்சிக்குப் பூஜ்யம்.

நாடெங்கும் பரவலாக மூன்றாவதாக வரும் கட்சிக்கு இதே அடிதான் விழும். ஜுன்ட்ஸ் 1.6 சதவீதத்தில் 7 இடம் பெற்றது, அதன் வாக்கு முழுக்கக் கத்தலோனியாவில் குவிந்திருப்பதால். தேசிய சதவீதத்தை வைத்து இடம் கணக்குப் போடாதீர்கள்.

சித்திரகுப்தன்: கருத்துக் கணிப்புகள்?

பல கணிப்புகள் மக்கள் கட்சியும் வோக்ஸும் சேர்ந்து பெரும்பான்மைக்கு வேண்டிய 176ஐத் தாண்டும் என்றன. தாண்டவில்லை. ஒரு வேடிக்கை: ஸ்பெயினில் கடைசி ஐந்து நாள் கணிப்பு வெளியிடத் தடை. முந்தைய தேர்தல்களில் பக்கத்து அண்டோராவின் ஒரு நாளிதழ் கணிப்பைக் காய்கனி விலைப்பட்டியலாகப் போட்டது. ஆரஞ்சு என்றால் சியுதாதானோஸ் கட்சி. அந்தக் கட்சி 2023இல் போட்டியிடவே இல்லை.

மெரினா காற்று: அங்கே மேல்படிப்புக்கு விசா கிடைக்குமா?

தூதரகத்தில் கேளுங்கள்.

நியாயவாதி: முதலில் வந்தவர் மக்கள் கட்சித் தலைவர் ஃபெய்ஹோ. அவரை ஒதுக்கியது ஜனநாயகப் படுகொலை இல்லையா?

இதே கேள்வியை இன்னும் நிறைய பேர் அனுப்பியிருக்கிறீர்கள். யாரும் ஒதுக்கவில்லை. மன்னர் ஆறாம் ஃபெலிபே பிரதமர் பதவிக்கு முதலில் அவர் பெயரைத்தான் முன்மொழிந்தார். செப்டம்பர் 27 வாக்கெடுப்பில் ஜெயிக்க 176 வேண்டும். ஆதரவு 172, எதிர்ப்பு 178. இரண்டு நாள் கழித்து மறுபடி. அப்போது எதிர்ப்பைவிட ஆதரவு ஒன்று கூடினாலே போதும். 172க்கு 177. உறுப்பினர்கள் ஒவ்வொருவராக எழுந்து வாய்விட்டுச் சொல்லும் வாக்கெடுப்பு அது. ஜுன்ட்ஸ் உறுப்பினர் ஒருவர் ஆம் என்று சொல்லிவிட்டு இல்லை என்று திருத்த, அவர் வாக்கு செல்லாததானது.

நியாயவாதி: நாலு பேர்தானே குறைவு? சரிக்கட்டியிருக்கலாமே.

பாஸ்க் தேசியக் கட்சியிடம் ஐந்து பேர் இருந்தார்கள். ஆனால் மாநில ஆட்சிகளையே ஒழிக்க வேண்டும் என்கிற வோக்ஸோடு ஒரு பாஸ்க் கட்சி எப்படி உட்காரும்? வோக்ஸின் 33ஐச் சேர்த்தால் அந்த ஐந்து போகும், ஐந்தைச் சேர்த்தால் 33 போகும். ஃபெய்ஹோவின் சிக்கல் அதுதான்.

நியாயவாதி: சான்செஸ் மட்டும் கத்தலோனியப் பிரிவினைவாதிகளுக்குப் பொதுமன்னிப்பைக் கொடுத்து ஜுன்ட்ஸின் ஏழு பேரை வாங்கவில்லையா?

வாங்கினார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தேர்தலுக்கு முன் அரசியல் சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று சொன்னவரும் அவரேதான். பெல்ஜியத்தில் இருந்த முன்னாள் கத்தலோனிய முதல்வர் புஜ்டெமோனின் ஜுன்ட்ஸ் இல்லாமல், நவம்பர் 16இல் சான்செஸைப் பிரதமராக்கிய வாக்கெடுப்பில் 179 வந்திருக்காது. அதைத் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். ஆனால் அது வேறு குற்றச்சாட்டு. முதலில் வந்தால் நாற்காலி என்று அங்கே சட்டமே இல்லை. செப்டம்பரில் ஃபெய்ஹோவை ஆதரித்த கேனரி தீவுக் கட்சியின் ஒற்றை உறுப்பினர் நவம்பரில் சான்செஸுக்கு வாக்களித்ததைப் பற்றி ஏன் யாரும் கேட்கவில்லை?

நியாயவாதி: மழுப்புகிறீர்கள்.

சரி, அடுத்தவர்.

வைகைக்கரை: செனட்டில் மக்கள் கட்சிக்குத்தானே பெரும்பான்மை? பயன் உண்டா?

இழுத்தடிக்கப் பயன்படும். பொதுமன்னிப்புச் சட்டத்தை மேலவையான செனட் நிராகரித்தது. 2024 மே 30 அன்று கீழவை 177க்கு 172 என்று அதை மீறி நிறைவேற்றிவிட்டது.