குதிரையும் வளர்ப்பவரும்

கேள்வி: எங்கள் தெருவில் ஊர்வலங்களுக்குக் குதிரை வளர்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவர்களது பிணைப்பைக் கலைநயத்துடன் படமெடுப்பது எப்படி? (வாசகர், ராயபுரம்)

பதில்: ஊர்வல அலங்காரத்தோடு எடுத்தால் ஜிகினாதான் தெரியும், காலையில் அவர் குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டும்போது, பக்கவாட்டில் விழும் இளவெயிலில் எடுங்கள். கண்கள் தலையின் இருபுறமும் அமைந்திருப்பதால், நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்குப் பின்னாலும் இருப்பது குதிரைக்குத் தெரியாது. ஆகவே, அது பார்க்கும்படி தோள் பக்கமாக நெருங்குவதே நல்லது. ஃபிளாஷ் வேண்டாம். 1878இல் புகைப்படக் கலைஞர் மைபிரிட்ஜ், பாயும் குதிரையின் நான்கு கால்களும் ஒருசேரத் தரையை விட்டு எழுவதைப் படங்களில் காட்டினார். உங்களுக்கோ அந்த வேகத்தைவிடக் காதுகளே முக்கியம். பெரியவரின் குரலுக்கு அவை திரும்பும் கணம், கேமராவுக்காகக் கட்டிப்பிடிக்கச் சொல்லி எடுக்கும் படத்தைவிட (அது ஸ்டூடியோ வழக்கம்) எவ்வளவோ மேல்.