குழாய் வேண்டாம் என்கிறார் அப்பா

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 58. நாக்கின் அடிப்பகுதியில் புற்றுநோய். கீமோவும் கதிர்வீச்சும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். 7 வார சிகிச்சையில் இது நான்காவது வாரம். 62 கிலோ இருந்தவர் 58 கிலோவுக்கு வந்துவிட்டார். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. மூக்கு வழியாகக் குழாய் போடலாம் என்கிறார் டாக்டர். அப்பா பிடிவாதமாக மறுக்கிறார். இனிப்பு கொடுத்தால் கட்டி வளரும் என்று உறவினர்கள் வேறு பயமுறுத்துகிறார்கள். என்ன செய்வது?

பதில்: குழாய் போட்டுக்கொள்ளட்டும். ஒரு மாதத்தில் உடல் எடையில் நூற்றுக்கு 5 பங்கு குறைந்தாலே நாங்கள் கவலைப்படுவோம். உங்கள் அப்பாவுக்கு 6 பங்குக்கு மேல் போய்விட்டது. வாய்ப்புண் இன்னும் கூடும். கதிர்வீச்சு முடிந்த பிறகும் சில வாரம் வாட்டும்.

குழாய் என்றாலே 'இனி அவ்வளவுதான்' என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். அப்பாவிடம் அவருடைய மாஸ்க்கைப் பற்றிப் பேசிப் பாருங்கள். கதிர்வீச்சுக்குப் படுக்கும்போது முகத்தின் மேல் ஒரு வலை மாஸ்க் மாட்டுகிறார்களே, அது அவர் முகத்துக்கென்றே அளவெடுத்துச் செய்தது. கன்னம் ஒட்டிப்போனால் மாஸ்க் தொளதொளக்கும். உள்ளே தலை அசைந்தால் கதிர் விழும் இடம் மாறும். அப்புறம் மறுபடி ஸ்கேன், புது மாஸ்க், புதுத் திட்டம். இடையில் நாட்கள் விட்டுப்போனால் இந்த வகைப் புற்றுநோயில் சிகிச்சையின் பலனே குறைந்துவிடும். எடையைக் காப்பதும் சிகிச்சைதான் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது அதனால்தான்.

குழாய் மெல்லியது. போட சில நிமிடம்தான் ஆகும். அதோடு பேசலாம், நடக்கலாம். வாயால் போதுமான அளவு சாப்பிடத் தொடங்கியதும் எடுத்துவிடலாம். ஒரு மாதத்துக்கு மேல் தேவைப்படும் என்று தெரிந்தால் வயிற்றில் நேராகக் குழாய் வைப்பதைப் பற்றி டாக்டர் பேசுவார்.

ஆனால் ஒன்று: குழாய் வந்ததும் விழுங்குவதை அடியோடு விட்டுவிடக் கூடாது. தொண்டைத் தசைகள் சும்மா இருந்தால் இறுகிவிடும்; பிறகு பழையபடி சாப்பிட வைப்பது பெரிய பாடு. விழுங்கும் பயிற்சி தரும் நிபுணர் பார்த்துச் சரி என்றால், தினமும் சில வாய் தண்ணீராவது விழுங்கட்டும். விழுங்கும்போது இருமல் வந்தாலோ, குரல் நீர் கோத்ததுபோல் கரகரத்தாலோ நிறுத்திவிட்டு உடனே சொல்லுங்கள். உணவு மூச்சுக்குழாய்க்குள் போவதாக இருக்கலாம்.

'பசிக்கலை' என்று அவர் தட்டைத் தள்ளும்போது முகத்தைக் கவனியுங்கள். பல நேரம் அது வலி. வலி மருந்தைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சமையல் சோடா, அரை டீஸ்பூன் உப்பு கலந்து, ஒரு நாளில் பல தடவை வாய் கொப்பளிக்கட்டும். கடையில் வாங்கும் ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் எரியும், வேண்டாம். வாயில் வெள்ளைத் திட்டு தெரிந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அதற்கு மருந்து உண்டு.

அவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1,800 கலோரியும் 70 முதல் 90 கிராம் புரதமும் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம்தான் என்றால் கணக்கு எவ்வளவு பெரியது என்று புரியும். வெறும் தண்ணீரான சூப்பால் இது நிறையாது. பாலில் பால்பவுடர், மசித்த உணவில் வெண்ணெய் என்று ஒவ்வொரு வாயையும் சத்தாக்குங்கள். குழாய்க்கு மட்டும் உணவியல் நிபுணர் சொல்லும் கலவைதான்.

இனிப்பு விஷயத்தில் உறவினர்கள் சொல்வதைக் கேட்க வேண்டாம். குளுக்கோஸ் எல்லாச் செல்லுக்கும் தேவை. இனிப்பை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடக்காது, அப்பாதான் மெலிவார். சர்க்கரை நோய் இருந்தால் மருந்தின் அளவை மாற்றிக்கொள்ளலாம்.

காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் (100.4 ஃபாரன்ஹீட்) தொட்டாலோ, தண்ணீர்கூட இறங்காமல் சிறுநீர் குறைந்தாலோ அடுத்த நாள்வரை காத்திருக்காதீர்கள். அன்றே, இரவானாலும், மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.