தெருவில் நிறுத்தும் காரின் அலாய் வீல் திருடு போகாமல் இருக்க, ஒரு வீலுக்கு ஒரு லாக் நட் (தனிச் சாவி போட்டால் மட்டுமே கழலும் நட்) போதுமா?

போதும். ஒரே ஒரு நட் கழலாவிட்டாலும் வீல் வெளியே வராது. நான்கு வீலுக்கும் சேர்த்து 4 நட், ஒரு சாவி என்று செட்டாகவே விற்கிறார்கள்.

வாங்கும்போது மரை அளவை முதலில் பாருங்கள். மாருதி கார்களில் பெரும்பாலும் எம்12x1.25 (12 மி.மீ. விட்டம், 1.25 மி.மீ. மரை இடைவெளி), டொயோட்டா, ஹூண்டாய் என்றால் பெரும்பாலும் எம்12x1.5. மாற்றிப் போட்டால் ஸ்டட்டின் (நட் ஏறும் போல்ட்) மரை கெட்டுவிடும். நட்டின் அடிப்பக்கமும் முக்கியம்: கூம்பு உட்காரும் இடத்தில் உருண்டை வடிவ நட் சரியாகப் பதியாது, ஓட்டத்தில் தளர்ந்துவிடும். ஆபத்து.

மலிவான நட்டின் மேல் கொஞ்சம் சிறிய சாக்கெட்டைச் சுத்தியலால் அடித்து ஏற்றித் திருப்பிவிடலாம். வெளி உறை தனியாகச் சுழலும் வகை நட்டில் அந்தப் பிடி கிடைக்காது. கூடுதல் விலை கொடுத்தாலும் அதையே வாங்குங்கள்.

லாக் நட்டில் ஏர் கன் (காற்றழுத்தத்தால் நட்டைத் திருகும் கருவி) வைக்கவே விடாதீர்கள், சாவியின் பல் உடைந்துவிடும். கையால் இறுக்கி, காரின் கையேட்டில் உள்ள டார்க் (இறுக்கும் திருகுவிசை) அளவுக்கு (சிறிய கார்களில் பொதுவாக 85 முதல் 110 நியூட்டன் மீட்டர்) முடித்து, 50 கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் சரிபாருங்கள். சாவி எண்ணைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சாவி காருக்குள்ளேயே இருக்கட்டும், இல்லாவிட்டால் நடுவழியில் பஞ்சரானால் தவிப்பீர்கள். ஆனால் கண்ணில் படும் இடத்தில் வேண்டாம்.

இன்னோவா, எர்டிகா போல ஸ்டெப்னி வண்டிக்கு அடியில் தொங்கினால் அதற்குத் தனிப் பூட்டு தேவை. அலாய் இல்லாமல் பிளாஸ்டிக் வீல் கப் போட்ட கார் என்றால், அந்தக் கப்பை 2 கேபிள் டையால் வீலோடு கட்டினாலே போதும்.