ஐ5-12400 வாங்குவதா, ரைசன் 5600ஜி வாங்குவதா?

கேள்வி: சிறிய போட்டோ ஸ்டுடியோ நடத்தி வருகிறேன். ஆல்பம் வடிவமைப்புக்கும் விழா வீடியோக்களை எடிட் செய்வதற்கும் புதிய கணினி ஒன்றை அசெம்பிள் செய்ய எண்ணியுள்ளேன். தனி கிராபிக்ஸ் கார்டு இப்போதைக்கு வாங்க இயலாது. இன்டெல் கோர் ஐ5-12400, ஏஎம்டி ரைசன் 5 5600ஜி ஆகிய இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி கடைக்காரர் சொல்கிறார். முதலாவதன் வேகம் 2.5 கிகாஹெர்ட்ஸ், இரண்டாவதன் வேகம் 3.9 கிகாஹெர்ட்ஸ். அப்படியானால் ரைசன்தானே வேகமானது? ஓய்வு நேரத்தில் என் மகன் கேம் விளையாடுவதும் உண்டு.
– ஈரோடு வாசகர்

பதில்: நீங்கள் குறிப்பிட்டுள்ள இரண்டு எண்களும் அடிப்படை வேகத்தை மட்டுமே காட்டுகின்றன. வேலை வந்தவுடன் இரண்டு பிராசசர்களும் தம் வேகத்தை உயர்த்திக்கொள்ளும். உச்ச வேகம் இரண்டுக்குமே 4.4 கிகாஹெர்ட்ஸ்தான். ஐ5-12400இல் ஆறு கோர்களும் (தனித்தனியே வேலை செய்யும் கணக்கீட்டுப் பகுதிகள்) ஒருசேர உழைக்கும்போதுகூட, டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால் வேகம் 4 கிகாஹெர்ட்ஸை ஒட்டியே நிற்பதைக் காணலாம். இரண்டிலும் 6 கோர், 12 திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைத் தொடர்கள்) என்ற அமைப்பும் ஒன்றே. எனவே ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு வேலை முடிகிறது என்பதுதான் இங்கே வேறுபாட்டைத் தீர்மானிக்கிறது. 5600ஜியில் உள்ள ஜென் 3 வடிவமைப்பு 2020இல் வந்தது. ஐ5-12400இல் உள்ள கோல்டன் கோவ் அதற்கு அடுத்த ஆண்டு வந்தது. புதிய வடிவமைப்பு அதே கிகாஹெர்ட்ஸில் கூடுதலாக வேலை முடிக்கிறது. அத்துடன் பிராசசருக்குள்ளேயே இருக்கும் அதிவேக நினைவகமான எல்3 கேஷ் 5600ஜியில் 16 எம்பி, இன்டெலில் 18 எம்பி. போட்டோஷாப் போல ஓரிரு கோர்களை மட்டும் அதிகம் நம்பியிருக்கும் மென்பொருள்களில் இன்டெல் பத்து சதவீத அளவுக்கு முந்துவதற்கு இதுவே காரணம்.

ஆனால் உங்கள் தொழிலுக்கு இந்தப் பத்து சதவீதத்தைவிட முக்கியமான ஒன்று உண்டு. ஐ5-12400க்குள் இருக்கும் யுஎச்டி 730 கிராபிக்ஸில் குவிக் சிங்க் என்ற வீடியோப் பிரிவு தனியாக இருக்கிறது. இன்றைய கேமராக்கள் பலவும் எச்.265 என்ற சுருக்க முறையில், வண்ண விவரத்தைக் கூடுதலாகச் சேமிக்கும் 4:2:2 பத்து பிட் வண்ணத்தில் பதிவு செய்யும் வசதி கொண்டவை. அத்தகைய கோப்பை பிரீமியர் புரோவில் டைம்லைனில் போட்டு இழுத்துப் பார்க்கும்போது, குவிக் சிங்க் அதை நேரடியாக விரித்துக் காட்டிவிடும். 5600ஜியின் வேகா கிராபிக்ஸுக்கு 4:2:2 வகையை விரிக்கும் திறன் இல்லாததால் அந்தச் சுமை முழுவதும் ஆறு கோர்களின் மேல் விழுந்து, படம் விட்டுவிட்டு ஓடும். எனவே உங்கள் கேமராவின் அமைப்புகளில் பதிவு முறை என்னவென்று முதலில் பாருங்கள். அங்கே 4:2:2 என்று இருந்தால் இந்தக் கேள்விக்கு அங்கேயே விடை கிடைத்துவிட்டது. பழைய 4:2:0 முறையில் மட்டும் பதிவு செய்கிறீர்கள் என்றால் இரண்டுமே அதைச் சமாளிக்கும்.

உங்கள் மகன் பக்கம் பார்த்தால் நிலைமை தலைகீழ். 5600ஜியின் கிராபிக்ஸ் பகுதியில் 448 ஷேடர்கள் (படத்தைக் கணக்கிடும் சிறு அலகுகள்) இருக்கின்றன; யுஎச்டி 730இல் இருப்பவை 192 மட்டுமே. ஜிடிஏ 5 போன்ற விளையாட்டை அமைப்புகளைக் குறைத்துக்கொண்டு 5600ஜியில் நிம்மதியாக விளையாடலாம். இன்டெலில் அது தடுமாறும். ஆனால் இந்த வலிமைக்கு ஒரு நிபந்தனை உண்டு. உள்ளமைந்த கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது. கணினியின் ராமையே அது பகிர்ந்துகொள்கிறது. 16 ஜிபியை ஒரே ராமாகச் செருகினால் டிடிஆர்4-3200இல் நொடிக்கு 25.6 ஜிபி தரவு மட்டுமே போய்வரும். எட்டு எட்டாக இரண்டு செருகினால் அது 51.2 ஜிபியாகிறது. செலவைக் குறைக்கிறேன் என்று கடையில் ஒற்றை ராமைப் போட்டுக் கொடுத்துவிட்டால், 5600ஜியை வாங்கியதன் பயன் பெருமளவு போய்விடும். இதை பில் போடும் முன்பே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

விலையைப் பொறுத்தவரை, அறிமுகமானபோது 5600ஜி 259 டாலராகவும் ஐ5-12400 192 டாலராகவும் இருந்தன. அதன் பிறகு கணக்கு பலமுறை மாறிவிட்டது. ஆகவே பிராசசரின் விலையை மட்டும் ஒப்பிடாமல், மதர்போர்டையும் சேர்த்த மொத்தத் தொகையை ஒப்பிடுங்கள். 5600ஜிக்கான ஏஎம்4 போர்டுகள் பெரும்பாலும் மலிவாகக் கிடைக்கும். இன்டெலுக்கு எச்610 போர்டு மலிவுதான் என்றாலும், பிராசசருக்கு மின்சாரம் வழங்கும் விஆர்எம் பகுதியின் மேல் ஹீட் சிங்க்கூட இல்லாத போர்டுகள் அந்த வகையில் பல உண்டு. திருமண வீடியோவை மணிக்கணக்கில் எக்ஸ்போர்ட் செய்யும் உங்களுக்கு பி660 அல்லது பி760 போர்டே ஏற்றது. டிடிஆர்4, டிடிஆர்5 என்று இரு வகைப் போர்டுகள் இருப்பதால், ஒன்றின் ராம் மற்றொன்றில் பொருந்தாது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 2024இல் செய்திகளில் அடிபட்ட நிலையின்மைக் கோளாறு இன்டெலின் 13, 14ஆம் தலைமுறைப் பிராசசர்களைச் சார்ந்தது. 12ஆம் தலைமுறையான ஐ5-12400க்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஸ்டுடியோவின் வருமானம் இந்தக் கணினியை நம்பியிருக்கிறது என்பதால், நான் ஐ5-12400ஐயே பரிந்துரைக்கிறேன். பின்னாளில் ஒரு கிராபிக்ஸ் கார்டு சேர்த்தால் மகனின் குறையும் தீர்ந்துவிடும். அப்போதும் குவிக் சிங்க் உங்களுக்கு உதவிக்கொண்டே இருக்கும்.

கேள்வி: என்னிடம் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கிராபிக்ஸ் கார்டு இருக்கிறது. ரைசன் 5600ஐவிட 5600ஜி மேம்பட்டதா?
– நாகர்கோவில் வாசகர்

பதில்: கார்டு வைத்திருப்பவருக்கு 5600தான் மேம்பட்டது. பெயர்கள் ஒன்றுபோல் இருந்தாலும் உள்ளே வெவ்வேறு சில்லுகள். 5600இல் எல்3 கேஷ் 32 எம்பி. 5600ஜியில் அதில் பாதிதான். மேலும் கார்டைப் பிராசசருடன் இணைக்கும் பாதையான பிசிஐஇ 5600இல் 4.0 வகை, 5600ஜி 3.0 உடன் நின்றுவிடுகிறது. உங்கள் கார்டு நான்கே தடங்களில் இயங்குவது, அதை 3.0இல் செருகினால் அந்தப் பாதையின் அகலம் பாதியாகி, விளையாட்டில் வேகம் கண்கூடாகக் குறையும். இன்டெலில் ஐ5-12400எஃப் இதற்கு நிகரானது. விளையாட்டுகளில் 5600க்கும் அதற்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை என்பதால், போர்டுடன் சேர்த்து எது மலிவோ அதை வாங்கலாம். ஆனால் எஃப் என்று முடியும் பிராசசரில் உள் கிராபிக்ஸ் செயல்படாது. கார்டு பழுதானால் திரையில் எதுவும் வராது, குவிக் சிங்க்கும் கிடைக்காது.

கேள்வி: பி450 போர்டில் ரைசன் 5 2600 வைத்திருக்கிறேன். இன்டெலுக்கு மாறலாமா?
– திருச்சி வாசகி

பதில்: மாற வேண்டாம். இன்டெலுக்குப் போனால் போர்டையும் புதிதாக வாங்க வேண்டும். உங்கள் போர்டிலேயே ரைசன் 5600 பொருந்தும். ராமையும் மாற்ற வேண்டியதில்லை. பழைய பிராசசர் இருக்கும்போதே, போர்டு நிறுவனத்தின் தளத்தில் 5000 வரிசைக்கான பயாஸை (போர்டின் அடிப்படை மென்பொருள்) பதிவிறக்கி ஏற்றிவிடுங்கள். கழற்றுவதற்கு முன் கணினியைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, கூலரின் அடியில் உள்ள பேஸ்ட்டைச் சற்றே இளகச் செய்யுங்கள்; பிறகு கணினியை அணைத்து, மின் இணைப்பைத் துண்டித்து, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகிவிட்டு எடுங்கள். ஏஎம்4இல் பின்கள் பிராசசரின் அடியில்தான் இருக்கின்றன. நேராக மேலே இழுத்தால் இறுகிய பேஸ்ட்டோடு பிராசசரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து, பின்கள் வளைந்துவிடக்கூடும்.