சிவப்புக் கோடு பிந்தவில்லை

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். வேலைகளின் வரிசையைப் படமாக வரைந்து மொத்த நாளைக் கணிக்கும் பெர்ட் (PERT) முறையைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனில் வாடகைக்கு எடுத்த கடைவீட்டை உணவகமாக்கும் வேலைக்கு ஒரு வலைப்பின்னல் வரைந்தேன் (படம் இணைத்துள்ளேன்). 28 நாள் என்று வந்தது. அதை நம்பித் திறப்பு விழாவுக்கு அழைப்பிதழும் அடித்துவிட்டோம். ஆனால் 33 நாள் ஆகிவிட்டது. நெருக்கடிப் பாதையில், அதாவது மிக நீளமான வேலைத்தொடரில், இருந்த வேலைகளோ ஒரு நாள் முன்னதாகவே முடிந்தன. எங்கே பிழை? அடுத்த முறை எல்லா வேலைக்கும் 20 விழுக்காடு கூட்டிக்கொள்ளலாமா?

வாசகர், பட்டர்வொர்த்

அன்புள்ள நண்பருக்கு,

நாட்காட்டித் தாளின் பின்புறம் நீங்கள் வரைந்திருந்த படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டல், வகுத்தலில் பிழை எதுவும் இல்லை. குழாய் வேலைக்கு எல்லாம் நன்றாக நடந்தால் 6, வழக்கமாக 9, மிக மோசமானால் 18 நாள் என்று மூன்று கணிப்புகள். நடுவிலுள்ளதை நான்கால் பெருக்கி, மூன்றையும் கூட்டி, ஆறால் வகுத்தால் 10. தரை ஓட்டுக்கு அதேபோல் 12. ஆக 22 நாள், இதுதான் நெருக்கடிப் பாதை, சிவப்பு மையில். வயரிங் 11, சீலிங் 10, ஆக 21 நாள், இது பென்சிலில். இரண்டும் முடிந்தபின் சமையற்கூடச் சாமான்களைப் பொருத்த 6 நாள்.

சிக்கல் அந்தப் பென்சில் கோட்டில்தான் இருக்கிறது. 22 என்பது சராசரி. அதற்குள் சிவப்புப் பாதை முடிய ஏறத்தாழப் பாதி வாய்ப்புதான் உண்டு. நீங்கள் தந்த கணிப்புகளின்படி வயரிங்கும் சீலிங்கும் 22 நாளுக்குள் முடிய நூற்றுக்கு 62 அளவில் வாய்ப்பு. பொருத்துபவர் உள்ளே வர இரண்டுமே முடிந்திருக்க வேண்டும் அல்லவா? இரண்டும் ஒன்றையொன்று சாராதவை என்று கொண்டு பெருக்கினால் நூற்றுக்கு 31தான் வருகிறது. பாதைகள் சந்திக்கும் இடத்தில் ஒருவர் முந்தியதால் கிடைத்த லாபம் கரைந்துவிடும், ஒருவர் பிந்தியதால் வந்த நட்டமோ அப்படியே அடுத்த வேலையின் தலையில் ஏறும். உங்களுக்கு நடந்ததும் அதுவே. ஓடு பதித்தவர்கள் 21 நாளில் முடித்துவிட்டுக் கிளம்பினார்கள். வயரிங் 16, சீலிங் 11 என்று மற்றப் பாதை 27 நாளுக்கு நீண்டது. இவற்றில் எதுவும் நீங்கள் எழுதிய மிக மோசமான கணிப்பைத் தாண்டவில்லை என்பதையும் கவனியுங்கள். உங்கள் ஊகம் நன்றாகவே இருந்திருக்கிறது.

பெர்ட்டை உருவாக்கியவர்களுக்கும் இது தெரியாததல்ல. 1958இல் அமெரிக்கக் கடற்படையின் பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக அதை வகுத்தவர்கள், இந்தக் கணக்கு நாளைக் குறைத்தே காட்டும் என்பதை அடுத்த ஆண்டு வெளியிட்ட கட்டுரையிலேயே ஒப்புக்கொண்டார்கள். அந்தக் குழுவில் இருந்த சார்லஸ் கிளார்க், இரண்டு பாதைகளில் பிந்தி முடிவதன் சராசரியைக் காணும் வழியை 1961இல் தந்தார். அதை உங்கள் எண்களில் போட்டுப் பார்த்தேன்: 22க்குப் பதில் 23.2. அதாவது ஐந்து நாள் தாமதத்தில் ஏறத்தாழ ஒரு நாளுக்குத்தான் சூத்திரம் பொறுப்பு. எஞ்சியது, சராசரியை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டு அழைப்பிதழ் அடித்ததால் வந்தது.

இருபது விழுக்காடு கூட்டும் யோசனையை நான் ஏற்கமாட்டேன். வயரிங்காரரிடம் பத்து நாளுக்குப் பன்னிரண்டு என்றால், மூன்றாம் நாள்தான் பெட்டியைத் திறப்பார்; மிச்சம் வைத்த நாள் வேலைக்குள்ளேயே தீர்ந்துபோகும். வேலைகளின் நாட்களை அப்படியே விட்டுவிட்டு, பாதைகள் சந்திக்கும் இடத்துக்கு முன் ஒதுக்கு நாட்களை வையுங்கள். உங்கள் எண்களின்படி நான்கு நாள் ஒதுக்கி 27ஆம் நாள் பொருத்தத் தொடங்குவதாக வைத்திருந்தால், அன்று இரு பாதைகளும் முடிந்திருக்க நூற்றுக்கு 87 வாய்ப்பு இருந்திருக்கும். அப்படியும் நீங்கள் ஒரு நாள் பிந்தியிருப்பீர்கள், ஆனால் ஐந்து நாள் அல்ல.

இன்னொன்று. ஓடு பதிப்பதைப் பார்க்க நாள்தோறும் ஃபெரியில் வந்ததாகப் படத்தின் ஓரத்தில் குறித்திருக்கிறீர்கள்; மாடியேறி வயரிங்கைப் பார்த்த நாள் எதுவும் அதில் இல்லை. ஒரே ஒரு நாள் மிதவை (மொத்த வேலையைப் பிந்தவிடாமல் தாமதிக்கக்கூடிய அவகாசம்) உள்ள பாதையைப் பென்சிலில் வரைந்தால் கண் அங்கே போகாது. அடுத்த படத்தில் அதையும் சிவப்பிலேயே வரையுங்கள்.