நட்சத்திர ஆமையைக் கிணற்றில் விடலாமா?

கேள்வி: திண்டுக்கல் பக்கம் எங்களுக்கு மானாவாரி நிலம் இருக்கிறது. மழை விட்ட மறுநாள் வேலியோரம் ஓடு முழுக்க மஞ்சள் கோடு போட்ட ஆமை ஒன்று கிடைத்தது. பத்து நாளாக அட்டைப்பெட்டியில் வைத்துப் பிள்ளைகள் தக்காளியும் பசலைக்கீரையும் போடுகிறார்கள். தோட்டக் கிணற்றில், தண்ணீர் சுத்தமாக இருக்கட்டும் என்று அப்பா காலத்தில் விட்ட ஆமை ஒன்றும் இருக்கிறது. இதையும் அதோடு விட்டுவிடலாமா? இல்லை, அனுமதி வாங்கி வீட்டிலேயே வளர்க்க முடியுமா?

பதில்: தயவுசெய்து கிணற்றில் விடாதீர்கள். மூழ்கிச் செத்துப்போகும். உங்களிடம் இருப்பது நட்சத்திர ஆமை. அது நிலத்தில் வாழ்வது, நீந்தத் தெரியாதது. ஆமை என்றாலே தண்ணீர் என்று நினைத்துக் குளத்திலும் கோயில் தெப்பத்திலும் கொண்டுபோய் விடுகிறார்கள். நல்ல எண்ணத்தில் செய்வதுதான், ஆனால் அதோடு அந்த உயிர் போய்விடுகிறது.

ஓட்டின் நிறத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம், காலைப் பாருங்கள். நட்சத்திர ஆமையின் கால் குட்டி யானைக் கால் மாதிரி உருண்டையாக, தடித்த செதிலோடு இருக்கும். விரல்களுக்கிடையே சவ்வு இருக்காது. ஓடு மேடாகக் குவிந்து, ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலிருந்தும் மஞ்சள் கோடுகள் விரியும். நம் ஏரி, கண்மாய்களில் இருக்கும் பாலாமை வேறு. அதன் ஓட்டின் மேல் வழவழப்பான தோல் மூடியிருக்கும், மூக்கு சிறு குழல் போல நீண்டிருக்கும், காலில் சவ்வும் மும்மூன்று நகமும் இருக்கும், பின்னங்காலை உள்ளே இழுத்தால் அடியிலுள்ள மடல் வந்து மூடிக்கொள்ளும். மூன்றாவது கருப்பு ஆமை: கெட்டியான கரிய ஓடு, அதன் முதுகில் நீளவாக்கில் மூன்று வரம்பு, காலில் சவ்வு. பின்னிரண்டும்தான் நீருக்கு உரியவை. உங்கள் கிணற்றில் இருப்பது பெரும்பாலும் இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

வளர்க்க அனுமதி கிடைக்காது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் நட்சத்திர ஆமை முன்பு நான்காம் அட்டவணையில் இருந்தது. 2022இல் வந்த திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது, மிக உயர்ந்த பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணைக்கு ஏறிவிட்டது. முதல் அட்டவணை விலங்கு தொடர்பான குற்றத்துக்கு 3 முதல் 7 ஆண்டுவரை சிறையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. வனவிலங்கு யார் கைக்கு வந்தாலும் 48 மணி நேரத்துக்குள் வனத்துறைக்கோ பக்கத்துக் காவல் நிலையத்துக்கோ சொல்லிவிட வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. உங்களுக்கு அந்தக் கெடு தாண்டிவிட்டது. ஆனாலும் இன்றே சொல்லிவிடுங்கள். பயந்துகொண்டு மறைப்பதும் இரவோடிரவாக எங்காவது விட்டுவிட்டு வருவதும் உங்களுக்கும் ஆமைக்கும் கெடுதல்.

இவ்வளவு கடுமை எதற்கு என்று தோன்றலாம். உலகத்தில் மிக அதிகமாகக் கடத்தப்படும் நில ஆமைகளில் இதுவும் ஒன்று. வெளிநாட்டுச் செல்லப்பிராணிச் சந்தைக்குப் போவது ஒரு பக்கம், வீட்டில் இருந்தால் செல்வம் சேரும் என்று வாங்குவது இன்னொரு பக்கம். ஒரு முறைக்கு ஒரு சில முட்டைதான் இடும். வளர்ந்து இனப்பெருக்கத்துக்கு வரப் பல ஆண்டாகும். ஒரே கரட்டில் ஆண்டுதோறும் பொறுக்கிக்கொண்டே போனால் அந்த இடத்தில் மறுபடி தலையெடுக்காது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (ஐயுசிஎன்) செம்பட்டியல் இதை அழிவாய்ப்பு உள்ள இனமாக வைத்திருக்கிறது. பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தம் 2019இல் இதை முதலாம் பின்னிணைப்புக்கு மாற்றியது. காட்டில் பிடித்த ஆமையை நாடுவிட்டு நாடு விற்க அதில் இடமே இல்லை.

இனி செய்ய வேண்டியது. வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். சொல்லும்போது ஆமை கிடைத்த சரியான இடத்தையும் தேதியையும் எழுதிக் கொடுங்கள். சர்வே எண் தெரிந்தால் மிக நல்லது. திரும்பக் கொண்டுபோய் விடும்போது இதுதான் உதவும். வடமேற்கு இந்தியாவின் நட்சத்திர ஆமைகளும் நம் பக்கத்து ஆமைகளும் மரபணு அளவில் வேறுபட்டவை. எந்த ஊர் ஆமை என்று தெரியாமல் ஏதோ ஒரு காட்டில் விட்டால் கலப்பு ஆகிவிடும். பெட்டியில் இருந்த ஆமைக்குச் சுவாச நோய் தொற்றியிருந்தால் அங்கிருக்கும் ஆமைகளுக்கும் பரவும். மலை மேல் ஈரக்காட்டில் விடுவது அதைவிட மோசம். இது முட்புதரும் புல்லும் உள்ள வறண்ட பூமியில் வாழ்வது.

ஆள் வரும்வரை காற்றோட்டமுள்ள பெட்டியில், உலர்ந்த வைக்கோல் பரப்பி, நிழலில் வையுங்கள். தட்டில் ஒரு விரற்கடை தண்ணீர் போதும். பசலைக்கீரையை நிறுத்திவிடுங்கள். அதிலுள்ள ஆக்சாலிக் அமிலம் சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. தக்காளியும் இதற்கான தீனியல்ல. அருகம்புல், செம்பருத்தி இலையும் பூவும், முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி மடல் கொடுக்கலாம். சோறு, ரொட்டி, பால் எதுவும் வேண்டாம். வெயில் படாமல் வீட்டுக்குள்ளேயே வளரும் ஆமைகளுக்கு ஓடு மெத்தென்று ஆவதும், ஒவ்வொரு கட்டமும் கூம்பு கூம்பாக எழுவதும் இந்தத் தீனித் தவறுகளோடு சேர்ந்து வருவதுதான்.

அடிக்கடி கையில் தூக்க வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். பயத்தில் சிறுநீர் கழித்துவிடும். கோடையில் அந்த நீர்ச் சேமிப்பை நம்பித்தான் அது புதருக்கடியில் வாரக்கணக்கில் அசையாமல் கிடக்கிறது. தொட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், சால்மோனெல்லா கிருமி ஒட்டும். ஓடு உடைந்திருந்தால் பசையோ மஞ்சளோ வைத்து அடைக்காதீர்கள். சுத்தமான துணியால் ஈ மொய்க்காமல் மூடி, கால்நடை மருத்துவரிடம் காட்டும்படி வனத்துறையினரிடம் சொல்லுங்கள். ஈ முட்டையிட்டுப் புழு வைத்துவிட்டால் காப்பாற்றுவது கஷ்டம்.

கிணற்று ஆமை விஷயத்துக்கு வருவோம். பாலாமையும் முதல் அட்டவணையில்தான் இருக்கிறது, ஐயுசிஎன் பட்டியலிலும் அதே அழிவாய்ப்பு நிலைதான். அது தவளை, மீன், நத்தை, செத்த பிராணி எல்லாம் தின்னும், உண்மைதான். ஆனால் கழிவும் அதே தண்ணீரில்தான் போகிறது. கண்ணுக்குத் தெரியும் குப்பை குறையலாம், கிருமி குறையாது. முட்டையிட அதற்குக் கரை வேண்டும். உறை இறக்கிய கிணற்றில் ஏறி வர வழியில்லாமல், வாரிசில்லாமல், சாகும்வரை அதிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. வனத்துறையினர் வரும்போது இதையும் காட்டி ஒப்படைத்துவிடுங்கள். நீங்களே எடுக்க வேண்டாம். கழுத்து நீண்டு வந்து கடிக்கும்.

அது வெளியேறிய பிறகு கிணற்றுக்குப் பிளீச்சிங் பவுடர் போடுங்கள். 1,000 லிட்டருக்கு 2.5 கிராம். கிணற்றின் விட்டம் 4 மீட்டர், தண்ணீர் ஆழம் 2.5 மீட்டர் என்றால் சுமார் 31,400 லிட்டர், அதற்கு ஏறக்குறைய 80 கிராம். வாளியில் முதலில் பசை போலக் குழைத்து, முக்கால் வாளி தண்ணீர் ஊற்றிக் கலக்கிப் பத்து நிமிடம் தெளியவிட வேண்டும். தெளிவை மட்டும் வேறு வாளியில் இறுத்துக் கிணற்றுக்குள் இறக்கி நன்றாக அலசுங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பைக் கிணற்றில் கொட்டக் கூடாது. ஒரு மணி நேரம் கழித்துத்தான் இறைக்க வேண்டும். பழைய, காற்றுப்பட்ட பவுடரில் குளோரின் போயிருக்கும், இந்த அளவு பலிக்காது.

கிணற்றைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குச் சுவர் எழுப்பினால் ஆமை விழாது, தவளை விழுவதும் குறையும். அது முடியாவிட்டால் சொரசொரப்பான மரத்துண்டு ஒன்றைச் சாய்வாகக் கட்டிவிடுங்கள், தவளையாவது ஏறிவிடும்.

நிலத்தில் இன்னும் ஆமைகள் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலி முள்ளைக் கோடையில் கொளுத்தாதீர்கள், அவை அதற்குள்தான் படுத்திருக்கும். கம்பிவலை போடுவதாக இருந்தால் அடியில் ஆங்காங்கே ஒரு சாண் சந்து விடுங்கள். மழைக்காலத்தில் காலையிலும் மாலையிலும் நடமாடும். அந்த நேரத்தில் டிராக்டர் இறக்கும் முன் வரப்போரம் ஒரு நடை பார்த்துவிட்டால் போதும். அடுத்த முறை கண்ணில் பட்டால் எடுக்க வேண்டாம், போகும் வழியில் விட்டுவிடுங்கள். சாலை நடுவில் இருந்தால் மட்டும், அது எந்தப் பக்கம் முகம் வைத்துப் போகிறதோ அந்தப் பக்க ஓரத்தில் தாழ்வாகப் பிடித்துக் கொண்டுபோய் இறக்கிவிடலாம்.